பாடிக்கொண்டே துடைக்க வேண்டும்

நெத்திலியைப் பொரித்துவிடலாம். குழம்பு என்றால் தேங்காய் உடைக்க வேண்டும். அதற்கு அவரை எழுப்ப வேண்டும். எழுப்பினால் அரை மணி நேரம் முனகுவார்...

"முனக மாட்டேன். தேங்காய எடுத்து வை, வாரேன்" என்று ஜெசிந்தாவின் காதுக்குள் கணவன் ரெஜினால்டின் குரல் கேட்டது.

"பொரிச்சே வையுங்க மதினி. அண்ணன் உடைச்சா பாதித் தேங்காய் செவுத்துலதான் இருக்கும்" என்று மாடியிலிருந்து நாத்தனார் ரோஸ்லின் சேர்ந்துகொண்டாள்.

மூவரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தூத்துக்குடியில் இப்போது வீடுகள் இப்படித்தான் விடிகின்றன. மொச்சைக்கொட்டை அளவில் காதுக்குள் உட்காரும் செவித்துணை, மனத்தில் ஒரு சொல் எழும்போதே தொண்டைத் தசையில் ஓடும் துடிப்பைப் பிடித்துவிடும். பிடித்ததை அதே வீட்டிணைப்பில் இருக்கிற எல்லோருக்கும் குரலாக்கிக் கொடுக்கும். கல்யாணத்தில் மோதிரம் மாற்றிய கையோடு பெண்ணின் செவித்துணையையும் மாப்பிள்ளையுடையதையும் ஒட்டி வைப்பார்கள். இரண்டும் இணைந்து நீல விளக்கு எரிந்ததும் சபை கைதட்டும். ஜெசிந்தாவும் அன்று சந்தோஷமாகத்தான் சிரித்தாள். இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பும் அவனுக்குக் கேட்டது.

அவளுக்கு வேலை துறைமுகத்து ஒலி ஆய்வகத்தில். கடலடியில் பதிவான ஓசைகளைப் பிரித்து அடுக்குவாள். மன்னார் வளைகுடாவின் ஆழத்தில் புதிதாகத் தொடங்கும் ஒலி நிலையத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போகலாமா என்று அவள் நினைக்கத் தொடங்கும்போதெல்லாம், நினைப்பு பாதி வழியில் இருக்கையிலேயே, "ஆறு மாசமா?" என்பான் ரெஜினால்டு. "போயே ஆகணும் மதினி" என்பாள் ரோஸ்லின். ஒருவருக்குக் கவலை, ஒருவருக்கு ஆசை. இரண்டுமே அன்புதான். ஆனால் அவளுடைய கேள்வி மட்டும் எங்கோ நழுவிப் போயிருக்கும்.

இன்று சனிக்கிழமை, செவித்துணையைத் துடைக்கும் நாள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கழற்றலாம். கழற்றியவர் மறுபடி மாட்டுகிறவரை சத்தமாகப் பாட வேண்டும். பாட வராதவர் பேச வேண்டும். உள்ளே எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. ரெஜினால்டு திருநெல்வேலி வரைக்கும் பஸ் நிற்கிற ஊர்களை ஒப்பிப்பான். ரோஸ்லின் தன் மேலதிகாரியைத் திட்டுவாள். ஜெசிந்தா பாடுவாள்.

"மதினி ஆரம்பிச்சாச்சு. கொடியில துணி கெடக்கு, மழை வந்துரும்" என்று மாடியிலிருந்து ரோஸ்லின் வாய்விட்டே கத்தினாள்.

ஜெசிந்தா இன்னும் உரக்கப் பாடினாள். செவித்துணையின் ரப்பர் முனையைக் கழற்றினாள். வலைக்கண்ணில் ஒட்டியிருந்த அழுக்கைச் சின்னத் தூரிகையால், துளை அடைபடாமல், வெளிப்பக்கமாகத் தட்டி எடுத்தாள். தண்ணீர் படக்கூடாது. சார்ஜ் ஏறும் செம்புப் புள்ளிகளைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாள். பாட்டு உச்சத்துக்கு ஏறியிருந்தது. கட்டைவிரல் இணைப்புப் பொத்தானை அழுத்தியபடியே இருந்ததை அவள் கவனிக்கவில்லை. எச்சரிக்கையாக வந்த 'பீப்' ஒலியும் அவள் குரலில் அமுங்கிப் போனது.

மாட்டிக்கொண்டு பாட்டை நிறுத்தினாள்.

எதுவும் கேட்கவில்லை.

"என்னங்க?" என்று மனத்துக்குள் கூப்பிட்டாள். பதில் இல்லை. உங்கள் பஸ் ஊர்ப்பட்டியல் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது என்று நினைத்தாள். பதில் இல்லை. ரோஸ்லின் வைத்த ரசம் கழனித்தண்ணீர் மாதிரி இருந்தது என்று நினைத்தாள். மாடியில் ஓர் அசைவும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. கழற்றிப் பார்த்தாள். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னின. எல்லா இணைப்பும் அழிந்து, ரீசெட் ஆகிவிட்டது.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்ப மாட்டிக்கொண்டு, கொல்லைக் கதவின் பக்கம் நின்று நினைக்கத் தொடங்கினாள்.

போகலாமா?

யாரும் குறுக்கே வரவில்லை. நினைப்பு நடந்தது, பிறகு ஓடியது. நிலையத்தின் கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் இருட்டு, அந்த இருட்டில் எங்கிருந்தோ வரும் திமிங்கலத்தின் நீண்ட அழைப்பு. பயமாக இருக்குமா? இருக்கும். ரெஜினால்டை மனம் தேடுமா? ரொம்பத் தேடும். தேடட்டும். அப்போதும் போக வேண்டும். இத்தனை நீளமான ஒரு நினைப்பு தனக்குள் இருந்தது என்பதே அவளை நடுங்க வைத்தது. தலை முதல் கால் வரை ஒரு குதூகலம். ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது, யாரிடமும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும் போலவும் இருந்தது.

"ஜெசி! ஏ ஜெசி!" ரெஜினால்டு கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். பின்னாலேயே ரோஸ்லின்.

"என்ன ஆச்சு? பாட்டு நின்னுட்டு. உள்ளயும் ஒண்ணும் கேக்கல. மயங்கிக் கியங்கி விழுந்துட்டியோன்னு..."

"ஒண்ணும் இல்லங்க. பொத்தான ரொம்ப நேரம் அழுத்திட்டேன் போல."

"இவ்வளவுதானா?" ரோஸ்லின் மூச்சு விட்டாள். "நான் உயிரே போச்சுன்னு படியில உருண்டு வாரேன்!"

ரெஜினால்டு சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். "நீ என்ன நெனைக்கன்னே தெரியல, ஜெசி. பயமா இருக்கு."

அவனை இப்படி அவள் பார்த்ததே இல்லை. இத்தனை வருடத்தில் அவன் அவள் முகத்தைப் படிக்க வேண்டி வந்ததும் இல்லை.

"கேளுங்க, சொல்லுதேன்" என்றாள்.

அவன் தடுமாறினான். கேட்டுப் பழக்கமில்லை. "அந்த... ஒலி நிலையம்... போகணும்னு இருக்கா?"

"இருக்கு. நான் போறேங்க. சாயங்காலம் பதில் சொல்லப்போறேன்."

ரோஸ்லின் கைதட்டப் போய், அண்ணன் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள்.

ரெஜினால்டு தன் செவித்துணையைக் கழற்றிப் பொத்தானை அழுத்தினான். நீல விளக்கு துடித்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "சரி, போ. ஆனா முதல்ல உன்னுதையும் இதோட வை. ஒரு நிமிஷம்தான். அப்புறம் மத்ததப் பேசுவோம்."

ஜெசிந்தா அவன் விரல்களை மெதுவாக மடக்கி மூடினாள். விரலிடுக்கில் நீலம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாங்க," என்றாள். "இப்படியே பேசுவோம்."