யானையின் பின்னங்கால்

விளக்குகள் அணைந்தன. ரோஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பெரிய இசை நாடகம் ஒன்றை அவள் பார்ப்பது இதுதான் முதல் முறை. சென்னையிலிருந்து ஒரு குழு மதுரைக்கு வந்திருந்தது. பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பெரியவர் உடன் வரலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஏலக்காட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மா கற்பகமும் போடியிலிருந்து பிள்ளைகளோடு ரயிலேறி வந்திருந்தார்.

திரை விலகியது. மேடை முழுக்கக் காடு! முப்பது பேர் ஒரே குரலில் பாடினார்கள். மத்தளம் அதிர்ந்தது. ரோஜா திறந்த வாயை மூடவே இல்லை.

திடீரென்று ஒலிபெருக்கியில் ஒரு பிளிறல். மரங்களுக்கு நடுவிலிருந்து யானை வந்தது.

"எந்திரி ஆத்தா! வெரசா ஓடு!" அம்மா துள்ளி எழுந்தார்.

"உக்காருங்கம்மா, மறைக்குது!" என்றார்கள் பின்வரிசையில். சிலர் சிரித்தார்கள்.

ரோஜா சிரிக்கவில்லை. போன மாதம் ஏலக்காட்டில் நிஜ யானை விரட்டியதில், அம்மா ரத்தம் வழியும் முழங்காலோடு வீட்டுக்கு வந்திருந்தார்.

"இது பொம்மை யானைம்மா."

"தெரியுது ஆத்தா. ஆனா மனசு கேக்க மாட்டேங்குதே. நீ பாரு, நான் வெளிய உக்கார்றேன்."

அடுத்த பாட்டு தொடங்கியது. ரோஜா மேடையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

இருவரும் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் ஒரு சின்னக் கதவு திறந்தது. வியர்த்துக் கொட்ட ஓர் அண்ணன் வெளியே வந்தார். இடுப்புக்குக் கீழே அவர் யானையாக இருந்தார்!

ரோஜா ஓடினாள். "அண்ணே, நீங்கதான் யானையா?"

"பாதி யானை. நான் பின்னங்கால். பேரு ஈஸ்வரன்."

"எங்கம்மாவை நெசமாவே யானை விரட்டியிருக்கு. அதான் பயந்துட்டாங்க. அவங்க ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா?"

ஈஸ்வரன் அம்மா முன்னால் வந்து காலை நீட்டினார். அம்மா முதலில் ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையால் அமுக்கினார்.

"அட, பஞ்சு!"

மூவரும் சிரித்தார்கள். அம்மா கொஞ்சம் தயங்கினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லவா? ஏலக்காட்டுல யானை பக்கத்துல வந்து நின்னாக்கூடச் சத்தமே கேக்காது. அதான் பயமே. காது மட்டும் லேசா அசையும்."

ஈஸ்வரன் கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "முன்னங்கால் அண்ணே! கொஞ்சம் வெளிய வாங்க!"

இடைவேளை முடிந்ததும் அம்மாவும் ரோஜாவும் உள்ளே போனார்கள். யானை மறுபடியும் வந்தது. இந்தத் தடவை பிளிறல் இல்லை. மத்தளமும் நின்றுவிட்டது. இரண்டு காதுகள் மட்டும் மெல்ல அசைந்தன. அத்தனை பெரிய மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அம்மாவின் விரல்கள் ரோஜாவின் கையை இறுக்கின. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"இப்பத்தான் சரியா வருது," என்றார் அவள் காதருகே.

யானை தும்பிக்கையைத் தூக்கியதும் முப்பது குரல்களும் ஒன்றாக எழுந்தன. அம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். ரோஜா மேடையையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.