பின்தங்கிய மேற்பாதி

சுவர் நடுவில் வெட்டுப்பட்டது. விளையாட்டுக்குள் கிருஷாந்தினி இடப்பக்கம் திரும்பியபோது, திரையில் தெரிந்த செங்கல் சுவரின் கீழ்ப்பாதி அவளோடு திரும்பியது. மேற்பாதி சற்றுப் பொறுத்து வந்து ஒட்டிக்கொண்டது.

“சீ, திரும்பவும்!”

காலையிலிருந்து இதே தொல்லைதான். கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் நான்கு பெண்களோடு அவள் ஓர் அணி. நான்கு மணிக்குத் தகுதிகாண் போட்டி. அதற்காகவே முந்தாநாள் மடிக்கணினியின் கிராபிக்ஸ் கார்டை மாற்றியிருந்தாள். புதிய கார்ட் வேகம்தான். ஆனால் அது ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை திரையைப் பொறுத்திருக்க வைக்கும் ‘அடப்டிவ் சிங்க்’ வசதி இப்போது இல்லை. அமைப்புகளில் அந்தத் தெரிவையே காணோம். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மூன்று தடவை போட்டுவிட்டாள். மூன்று தடவையும் அதே வெட்டு.

அவள் வீடு இருந்த கல்லடியில் விடியற்காலையில் பிடித்த மழை விடவில்லை. மூன்று மணிக்கே அறை இருண்டிருந்தது, ஓட்டில் விழும் மழையின் ஓசைக்கு அடியில் மடிக்கணினியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது, சூடேறிய பிளாஸ்டிக்கின் மணமும் சன்னலால் வந்த வாவியின் சேற்று மணமும் ஒன்றாகக் கலந்து அவள் தொண்டையில் ஒட்டின.

கார்டைப் பூட்டிக்கொடுத்த கடைக்காரர் முனாப் நானாவுக்குப் போன் எடுத்தாள்.

“நானா, சிங்க் வேலை செய்யுதில்ல.”

“அண்டைக்கே சொன்னன் தானே தங்கச்சி. உங்கட ஸ்கிறீன் பழைய கார்டோடதான் சேரும். இது வேற லப்டொப்புல கழட்டினது. ரெண்டும் ஒத்துப்போகாது.”

“அப்ப இந்த வெட்டு?”

“வரும்தான். மேல பழைய படம் நிக்கும், கீழ புதுப்படம் வந்திரும். செக்கன்ல நூறில ஒரு பங்கு. பெரிசாத் தெரியாது.”

“நூறில ஒண்டா? நான் எண்ணிப் பாத்தன் நானா. ரெண்டு செக்கன்.”

“அப்பிடி வர ஏலாதே” என்றார் முனாப்.

அவள் எரிச்சலில் போனை வைத்தாள். விளையாட்டில்தான் பிழையோ என்று பார்க்க, மடிக்கணினியின் கமராவைத் திறந்தாள். அவளுடைய முகம் வந்தது. வெட்டு கழுத்தில் ஓடியது. தேநீர்க் கோப்பையை எடுக்கச் சாய்ந்தாள். தோள் சாய்ந்தது, முகம் நிமிர்ந்தே இருந்தது. மூன்று வரை எண்ணியபின்தான் முகமும் சாய்ந்தது. ஆத்திரம் தாங்காமல் மேசையில் ஓங்கி அடித்தாள். திரையில் கை அடித்தது. முகத்தில் ஆத்திரம் இல்லை.

அவள் எழுந்தாள்.

திரையின் கீழ்ப்பாதியில் கதிரை வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே அவளுடைய தலை.

ஐந்து. பத்து. இருபது.

தலை போகவில்லை. அவளைப் பார்த்தது. நின்றுகொண்டிருந்த அவளை, அண்ணாந்து பார்த்தது.

மூடியை அறைந்து மூடினாள். வயரைப் பிடுங்கினாள். கணினியைக் கவிழ்த்து, முனாப் காட்டியபடி பற்றரியையும் கழற்றி எறிந்தாள். விசிறி நின்றது. மழை மட்டும்.

வீதியோரக் கேற் கிரீச்சிட்டது. கணவன் ரதீஸ். அவன் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் பின்னேர வகுப்பை மழைக்கு நேரத்தோடு விட்டிருப்பார்கள்.

“கிருஷா! கதவத் திற கா, தெப்பமா நனைஞ்சு போனன்!”

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. போட்டியும் வேண்டாம், கார்டும் வேண்டாம். “இஞ்சாருங்க, கெதியா வாங்க!” என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் கறுப்புக் காற்சட்டை. நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. சேறு படிந்த பாதங்கள். இடுப்பில் பெல்ற். பெல்ற்றுக்கு மேலே மழை.

கேற்றடியில், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், ரதீஸின் மேற்பாதி நின்றது. கொளுக்கியை மாட்டிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தது.

“வாறன், வாறன்.”

அவள் முன்னால், பாதங்கள் கால்மிதியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றைத் துடைத்தன. பிறகு வலது கால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது.