யானைப் பென்சில் டப்பா

பிறந்தநாள் என்றால் அனுசுயாவுக்குக் கேக்கைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. அன்று சீருடை வேண்டாம். கலர் டிரஸ் போட்டுக்கொண்டு, மிட்டாய்த் தட்டோடு வகுப்பு வகுப்பாகப் போகலாம். கூட ஒரு தோழியை அழைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு தோழியை.

அந்த ஒருத்தி யார் என்பது ஐந்தாம் வகுப்பில் பெரிய விஷயம். அதற்காகச் சண்டைகூட நடக்கும்.

"நீதான் வரணும்" என்று அனுசுயா ரெமியிடம் சொல்லியிருந்தாள்.

ரெமியும் மாவியும் இந்த ஜூனில்தான் பள்ளியில் சேர்ந்தார்கள். பெரியம்மா, சித்தி பிள்ளைகள். சொந்த ஊர் மிசோரம். அம்மாக்கள் இருவரும் திருச்சி புத்தூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இங்கே வந்து சில வருடங்கள் ஆனதால் இருவருக்கும் தமிழ் நன்றாகவே வரும்.

ரெமி எப்போது பேச வந்தாலும் முதலில் அனுசுயாவின் பென்சில் டப்பாவைத்தான் பார்ப்பாள். அதன் மூடியில் குடை பிடித்த யானை ஒன்று இருக்கும். 'இவளுக்கு யானைன்னா ரொம்பப் பிடிக்கும்போல' என்று அனுசுயா நினைத்துக்கொள்வாள்.

பிறந்தநாள் வந்தது. வகுப்பே கைதட்டிப் பாடி முடித்தது.

"யாரைக் கூட்டிட்டுப் போற?" என்று கேட்டார் ரோசரி மிஸ்.

அனுசுயா பட்டுப்பாவாடை சரசரக்க மூன்றாம் பெஞ்சுக்குப் போனாள். சன்னல் ஓரத்தில் இருந்தவளின் கையைப் பிடித்தாள்.

"வா!"

அவள் கண்கள் பெரிதாயின. சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

தலைமை ஆசிரியை அறை வாசல்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"ரெமி, தட்டைக் கொஞ்சம் பிடியேன். பாவாடை வழுக்குது."

"நான் மாவி" என்றாள் அவள்.

அனுசுயா பாவாடையை மறந்துபோனாள்.

"சன்னல்ல வெயில் அடிக்குதுன்னு இன்னிக்கு இடம் மாத்திக்கிட்டோம்." மாவியின் குரல் இறங்கியது. "அப்ப நீ என்னைக் கூப்பிடலையா?"

மாவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீயும்தான் என் ஃப்ரெண்டு. வா, உள்ள போலாம்" என்றாள் அனுசுயா.

திரும்பி வந்தபோது ரெமி கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். மிட்டாயை எடுத்துக்கொண்டாள். யானையை அவள் பார்க்கவே இல்லை.

"சாரி ரெமி. ஆள் மாறிக் கூப்பிட்டுட்டேன்."

"பரவாயில்ல. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க."

அதன் பிறகு அவள் பேச வரவில்லை. அந்த 'எல்லாரும்' அனுசுயாவை முள் மாதிரி குத்தியது. அவள் அந்த எல்லாரிலும் ஒருத்தியாக இருக்க விரும்பவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது வகுப்புத் தோழி ஷஹனாஸ் ஒரு யோசனை சொன்னாள். "ரெமி கையில ஒரு சிவப்புக் கயிறு கட்டிடு. குழப்பமே வராது."

"அப்புறம் எனக்குக் கயிறைத்தான் அடையாளம் தெரியும். இத்தனை நாளா சன்னலைத்தான் பாத்திருக்கேன், ஷஹனாஸ். அவ மூஞ்சியைப் பாக்கவே இல்லை."

அன்றிலிருந்து அனுசுயா பார்க்கத் தொடங்கினாள். இருவரையும் சேர்த்துப் பார்த்தால் முகங்கள் கலந்துபோயின. அதனால் ஒரு நாள் ரெமியை மட்டும், மறுநாள் மாவியை மட்டும் பார்த்தாள். மாவியின் புருவங்கள் அடர்த்தி. ரெமியின் புருவங்கள் பாதியிலேயே மெலிந்துவிடும். சிரிப்பு வருவதற்கு முன்னால் ரெமியின் மூக்கு ஒருமுறை சுருங்கும். மாவிக்கு மூக்கு அசையாது, கன்னத்தில் குழி விழும்.

வீட்டிலும் கண்ணை மூடி அந்த முகங்களை வரவழைத்துப் பார்த்தாள்.

"கண்ணைத் தொறந்துக்கிட்டுச் சாப்பிடுடி. தோசை மூக்குக்குள்ள போயிடப் போகுது" என்றார் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சத்திரம் பஸ் நிலையத்தில் அனுசுயாவும் அம்மாவும் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்தில், கையில் துணிக்கடைப் பையோடு ஒரு சிறுமி நின்றாள். தலையில் தொப்பி. சீருடை இல்லை, சன்னலும் இல்லை. கொய்யாவைக் கடித்தவள் பக்கத்தில் நின்ற தன் அம்மாவிடம் எதையோ சொல்ல வந்தாள். மூக்கு சுருங்கியது.

அனுசுயா கூட்டத்துக்குள் ஓடினாள்.

"ரெமி!"

சிறுமி திரும்பினாள். "நான் ரெமின்னு எப்படித் தெரிஞ்சது?"

"நீ சிரிக்கிறதுக்கு முன்னாடி உன் மூக்கு சிரிக்குமே!"

ரெமி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அனுசுயாவின் விரித்த கூந்தலையும் பூப்போட்ட கவுனையும் பார்த்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நீ... ஷஹனாஸ்தானே?"

அனுசுயாவின் வாய் திறந்தது.

"நான் அனுசுயா!"

"ஐயோ!" ரெமி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஸ்கூல்ல எல்லாரும் ரெண்டு ஜடை, ஒரே ரிப்பன். எனக்கு எல்லாரும் ஒரே மாதிரி இருக்கீங்க. நான் யானை டப்பாவை வெச்சுத்தான் உன்னைக் கண்டுபிடிப்பேன்."

"அப்ப உனக்கு யானை பிடிக்காதா?"

"எனக்குப் பூனைதான் பிடிக்கும்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கொய்யாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்!" என்று கண்டக்டர் கத்தினார்.

"அனு, ஏறுடி! அப்புறம் சீட் கிடைக்காது" என்றார் அம்மா.

"இரும்மா, இவ இன்னும் என்னைப் பாத்து முடிக்கல!"

ரெமி பாடம் படிப்பதுபோல அனுசுயாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் இருந்த குட்டித் தழும்பை விரலால் தொட்டாள். பஸ் கிளம்பிய பிறகும் சன்னலில் தெரிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த வாரம் ரெமியின் பிறந்தநாள். அவள் மஞ்சள் கவுனில் வந்தாள்.

"யாரைக் கூட்டிட்டுப் போற, ரெமி?" என்று கேட்டார் ரோசரி மிஸ்.

அப்போதுதான் அனுசுயா தன் மேசையைப் பார்த்தாள். டப்பாவைக் காணோம். ரப்பர் எடுக்கிறேன் என்று வாங்கிப் போன ஷஹனாஸ் திருப்பித் தரவில்லை. யானை குடையைப் பிடித்துக்கொண்டு ஷஹனாஸின் மேசையில் நின்றது.

ரெமி நேரே அங்கேதான் போனாள். யானையைப் பார்த்தாள். அனுசுயா பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள்.

ரெமி நிமிர்ந்து ஷஹனாஸின் முகத்தைப் பார்த்தாள். அவள் மூக்கு சுருங்கியது. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பெஞ்சு தள்ளி வந்தாள். அதை அனுசுயாவின் முன்னால் வைத்தாள்.

"உன் யானை அங்க போயிடுச்சு" என்றாள் ரெமி. "நீ இங்கதானே இருக்க. வா!"