வலி வராத ஐந்து நாட்கள்

புதன், காலை 10.20. செல்லிப்பட்டு.

அமுதத்தின் ரத்தத்தில் இருக்க வேண்டிய வெள்ளணுக்களைக் காணவில்லை. நாலாயிரத்துக்குப் பதில் தொள்ளாயிரம் என்றது ரிப்போர்ட்.

மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ முடிந்து, வெள்ளணு ஏற ஐந்து நாள் ஐந்து ஊசி போட்டாயிற்று. இந்த நிலையில் ஒரு காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து.

"இன்னா சிஸ்டர், மருந்த வித்துட்டு தண்ணிய குத்துனியா?" என்றார் அவள் கணவர் வீரப்பன்.

ஊசி போட்டது செவிலி புவனேஸ்வரி. தன் கைதான் தவறியதோ என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது. நோட்டைப் பிரித்தாள். தேதி, நேரம், அளவு எல்லாம் சரி. ஓரத்தில் மட்டும் அவள் எழுதிய ஒரு வரி: 'மருந்துப் பெட்டி நமுத்திருக்கிறது.'

10.35.

"போன தடவை ஊசி போட்டப்ப எப்டிக்கா இருந்துச்சு?"

"ஐயோ, இடுப்பெலும்பு விண்ணு விண்ணுனு தெறிச்சுது. இந்தத் தடவை ஒண்ணுமே இல்ல. உன் கை ராசி சிஸ்டர்!" என்றாள் அமுதம்.

"ஒரு நாள்கூட வலிக்கல?"

"ஒரு நாளும் இல்ல."

புவனேஸ்வரி பேனாவை மூடினாள். "அண்ணே, மருந்து எங்க இருந்துச்சு?"

"எங்க வூட்ல ஏது ஃபிரிட்ஜு? பக்கத்துல மெஹர் நிஷா பொட்டிக்கடைலதான். தெனம் அதுவே கர்ச்சீப்ல சுத்திக் கொண்டாந்து குடுக்குது. அதையும் சந்தேகப்படுவியா? தங்கமான பொண்ணு. இந்த வெயில்ல ஒரு வாரமா குச்சி ஐஸ் விக்கல, அதான் அதும்மேல கொற."

11.05. கடை.

புவனேஸ்வரி ஃப்ரீசரைத் திறந்தாள். காலி. நடுவில் மடித்த துண்டு. அதில் மருந்துப் பெட்டி அளவுக்கு ஒரு பள்ளம்.

"போன தடவை எங்க வெச்சீங்க?"

"கீழ ஃபிரிட்ஜுல, பால் பாக்கெட்டு பக்கத்துல. இப்ப கரண்டு போய்ப் போய் வருதில்ல? கெட்டுடக் கூடாதுன்னு ஐஸையெல்லாம் எடுத்துட்டு அக்கா மருந்த மட்டும் வெச்சேன். அரை மணி முன்னாடி பெட்டியோட எடுத்து, ஊசி முடிஞ்சதும் திரும்ப வெச்சுடுவேன்." மெஹர் நிஷாவின் குரல் தேய்ந்தது. "தப்பா சிஸ்டர்?"

12.00. அமுதத்தின் வீடு.

"அந்த ஊசி ஒரு புரதம்," என்றாள் புவனேஸ்வரி. "எலும்புக்குள்ள போய், 'வெள்ளணு செய்'னு சேதி சொல்லும். எல்லாருக்கும் வலிக்காது. அக்காவுக்குப் போன தடவை வலிச்சுது. இப்ப வலிக்கல. அப்ப சேதி போகல. அஞ்சு நாளா உறைஞ்சு, உருகி, திரும்ப உறைஞ்சு, மருந்து செத்துடுச்சு. ஃப்ரீசர்ல வெச்சது மெஹர் நிஷா. ஈரப் பெட்டியப் பாத்தும் கேக்காம வுட்டது நான்."

மெஹர் நிஷா அழுதாள். அமுதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மே மாசத்துல ஐஸ் விக்காம எனக்கு எடம் வுட்டியேடி! கூடப் பொறந்தவ செய்வாளா?"

வீரப்பன் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர்... அந்தத் தண்ணிப் பேச்சு..."

"மோர் குடுங்கண்ணே. சரியாப் போச்சு."

டாக்டரிடம் கேட்டு, அன்றே புது மருந்து வந்தது. பால் பாக்கெட் பக்கத்தில் வைத்தார்கள். ஊசி மறுபடி தொடங்கியது.

வெள்ளி, காலை 6.10. போன்.

"சிஸ்டர்! இடுப்பு தெறிக்குது!" கத்தினாள் அமுதம். பின்னால் மெஹர் நிஷா சிரிப்பது கேட்டது.

புவனேஸ்வரி நோட்டை எடுத்தாள். 'வலி வந்தது.' நன்றி என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அதை ஓரத்தில் எழுதினாள்.