இரண்டாம் பாதி இழுவை

புது மணப்பாட்டில் கழிவறையிலிருந்து வெளியே வர வேண்டுமானால் கழிவறையைப் பற்றி ஒரு கருத்துச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கதவு திறக்கும். சவரக்கடை, சாப்பாட்டுக்கூடம், பல் மருத்துவர் அறை, தேவாலயத்தின் பாவசங்கீர்த்தனக் கூண்டு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

இதற்குக் காரணம் இருந்தது. புது மணப்பாடு ஒரு குறுங்கோளின் வயிற்றைக் குடைந்து கட்டிய ஊர். பனிக்கட்டியை உடைத்துத்தான் காற்று எடுக்க வேண்டும். கிடைக்கும் காற்றையும் வெளிச்சத்தையும் எந்த அறைக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்தது நிர்வாகி என்ற இயந்திரம். மக்களின் கருத்தை வைத்தே அது முடிவு செய்யும். கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. ஆகவே கருத்துக்கதவுகளைப் பொருத்தினார்கள்.

கருத்துக்கதவுக்கு ஒரு குணம் உண்டு. நல்லதை மட்டும் சொன்னால் குறை என்ன என்று கேட்கும். குறையை மட்டும் சொன்னால் நல்லது என்ன என்று கேட்கும். இரண்டும் கிடைக்கும்வரை விடாது. மனிதர்கள் சீக்கிரமே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாரோ ஒருவன் சினிமா அரங்கின் வாசலில், பூமியிலிருந்து பாட்டன்மார் கொண்டுவந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னான்: "முதல் பாதி நல்லா இருந்துச்சு, ரெண்டாம் பாதி இழுவை." கதவு நன்றி சொல்லித் திறந்தது.

அதன்பின் அந்த வாக்கியம் எல்லாக் கதவுகளுக்கும் சாவியாகிவிட்டது. பல் பிடுங்கிக்கொண்டவர்கள் பஞ்சைக் கடித்தபடி அதைச் சொன்னார்கள். பாவமன்னிப்புப் பெற்றவர்களும் சொன்னார்கள். குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்து அதைத்தான் பேசக் கற்றார்கள்.

ஊரில் அதைச் சொல்லாதவள் செசிலி ஒருத்திதான். அவளுடைய கணவன் இன்னாசிக்குக் கருத்துப் பிரிப்பகத்தில் வேலை. ஊரின் கருத்துகளைக் காதால் கேட்டு, இயந்திரத்துக்குப் பிடிபடாதவற்றை இது பாராட்டு, இது வசவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அவனிடம் வந்து சேரும் பிடிபடாத கருத்துகளில் பாதி அவன் பெண்டாட்டி சொன்னவை.

படம் போடும் நாளன்று, அவன் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கேட்டாள். "நீங்களும் வாங்களேன். ஒரு நாளாவது எங்கூட உக்காந்து படம் பாத்தா என்ன?"

"பாத்தவன் சொல்லுதத எல்லாம் நாள் பூரா நான்தான கேக்கேன். பத்தாதா?"

"அதெல்லாம் கருத்தா? கிளிப்பிள்ளை மாரி ஒண்ணயே சொல்லுதானுவ."

"நீ மட்டும் மகராசி. போன வாரம் சாப்பாட்டுக்கூட வாசல்ல நின்னு ரசத்தப் பத்திப் பிரசங்கம் வச்சிருக்க. பின்னாடி நின்னவன் எல்லாம் எங்கிட்ட வந்து அழுதான்."

"புளி அழுகிக் கிடந்துச்சு. சொல்லாண்டாமா?"

"சொல்லு. ஒரு தடவையாவது ஊரோட ஒத்து அந்த ஒரு வரியச் சொல்லிட்டு வாயேன். என்ன கொறஞ்சிரும்?"

"அது என் வாயில வராது" என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறைப் பிரகாசியைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனாள்.

படத்தின் பெயர் 'பந்தியில் பத்துப் பிணம்'. பூமியில் ஓடித் தேய்ந்து இங்கே வந்திருந்தது. சாம்பாரில் உப்பில்லை என்று கல்யாண வீட்டில் அவமானப்பட்ட சமையல் மாஸ்டர் ஒருவன், காய் நறுக்கும் கத்தியோடு பந்தியில் இறங்குகிறான். ஒவ்வொருவரிடமும் பணிவாகக் குனிந்து "சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறான். நன்றாக இருந்தது என்றவனையும் வெட்டுகிறான், இல்லை என்றவனையும் வெட்டுகிறான். அரங்கின் கூரையில் உணர்வுக்கைகள் என்ற இயந்திரக் கைகள் தண்டவாளத்தில் ஓடும். திரையில் வெட்டு விழும்போது அவை இறங்கி, பார்வையாளர் கழுத்தில் ரப்பர் கத்தியை உரசி, வெதுவெதுப்பான சிவப்புத் தண்ணீரைப் பீய்ச்சும். கூட்டம் அலறும், உடனே சிரிக்கும். அதற்குத்தான் வருகிறார்கள்.

இடைவேளையில் எழுந்து வந்தவர்களின் கருத்துகள் முதலில் வந்தன. இன்னாசி கேட்டான். ஒருவன், குடலை உருவி மாப்பிள்ளைக்கு மாலை போடும் இடத்தில் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது என்றான். ஒரு தாய், இதை எடுத்தவன் வீட்டில் அக்கா தங்கச்சி இல்லையா என்று கேட்டாள். இன்னொருவனுக்கு ரத்தம் போதவில்லை, வேறொருத்திக்கு ரத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. பயமும் இல்லை சிரிப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் தூக்கம்தான் வந்தது என்று ஒரு பெரியவர் சொன்னார். நிர்வாகி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 'கலவையான கருத்து' என்று தலைப்பிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளம் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வாக்கியம். முதல் பாதி நல்லா இருந்துச்சு ரெண்டாம் பாதி இழுவை, முதல் பாதி நல்லா இருந்துச்சு ரெண்டாம் பாதி இழுவை. குரல்கள் வேகமாக, மூச்சிரைக்க வந்தன. சிலர் கத்தினார்கள். படம் முடிய நேரம் இருந்தது. சகிக்காமல் ஓடுகிறார்கள் போல என்று இன்னாசி நினைத்தான். அந்த வாக்கியத்தில் பிரிப்பதற்கு எதுவுமில்லை. ஒலியைக் குறைத்துவிட்டு டீ ஊற்றிக்கொண்டான். செசிலியின் குரல் மட்டும் வரவில்லை. கதவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள் என்று எண்ணி லேசாகச் சிரித்தான்.

பிரகாசி உள்ளே வந்து நின்றாள். தலையிலிருந்து இடுப்புவரை சிவப்பு.

"நல்லாத்தான் பீச்சி அடிச்சிருக்கான். குளிச்சிட்டு வரப்பிடாதா? எங்க உங்க அக்கா, வாசல்ல பிரசங்கமா?"

"அண்ணே" என்றாள் பிரகாசி. "இது சாயம் இல்ல."

அவன் சிரிப்பை முடிக்கவில்லை.

"ரப்பர் கத்திக் கை இல்லண்ணே அது. சீட்டுல ஒட்டுனதச் சுரண்டுமே, அந்தத் தகட்டுக் கை. படம் ஓடும்போதே எறங்கிட்டு. மொதல்ல சூசை மாமா கழுத்துல விழுந்துச்சு. எல்லாரும் கை தட்டுனோம். நானும் தட்டுனேன். ரெண்டாவது ஆளு கத்தும்போதும் சிரிச்சோம். மூணாவதுக்குத்தான் தெரிஞ்சுது. எல்லாரும் கதவுக்கு ஓடுனோம். அக்கா என்னய முன்னால தள்ளிவிட்டு, பின்னாலயே வாறேன்னா. வரல."

"கதவுல என்னட்டி சொன்னிய?"

பிரகாசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  வெட்டுத் தகடு முதுகுக்குப் பின்னால் வரும்போது, சீக்கிரம் திறக்கும் வார்த்தையைத்தான் வாய் சொல்லும்.

இன்னாசி நிர்வாகியை அழைத்தான். அரங்கில் விபத்து, இயந்திரத்தை நிறுத்து, மருத்துவக் குழுவை அனுப்பு என்றான்.

"அரங்கில் விபத்து இல்லை" என்றது நிர்வாகி. அதன் குரல் எப்போதும் சாந்தமானது. "வெளியேறியவர்களின் கருத்து கலவையானது. முதல் பாதி நன்று, இரண்டாம் பாதி இழுவை. ஆபத்து என்று எவரும் குறிப்பிடவில்லை."

"இப்பச் சொல்லுவாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாறேன்."

"ஒருவருக்கு ஒரு கருத்துதான். மாற்ற இயலாது."

அந்த விதி வந்த கதையும் அவனுக்குத் தெரியும். இரண்டு நடிகர்களின் ரசிகர்கள் தங்கள் ஆளுக்குக் கருத்துகளைக் கூட்டக் கதவுக்குள் திரும்பத் திரும்பப் போய்வந்து, அரங்கின் காற்றையே தீர்த்துவிட்டிருந்தார்கள்.

"படம் பார்க்காத தங்கள் கருத்தையும் ஏற்க இயலாது" என்று நிர்வாகி தொடர்ந்தது. "உள்ளே அசைபவர்களில் கருத்துச் சொல்ல வேண்டியவர் ஒருவர் மட்டும் மீதம். அவர் கதவருகே இருக்கிறார்."

இன்னாசி ஓடினான்.

அரங்கின் கதவு காற்றழுத்தம் தாங்கும் இரும்பு. உடைக்க முடியாது. வெளியே ஊரே நின்றது, சிவப்பாக. பிரிப்பகத்து ஆள் என்பதால் அவனுக்குக் கதவின் ஒலிப்பெட்டியைத் திறக்கும் உரிமை இருந்தது. திறந்தான். உள்ளே படத்தின் சிரிப்பிசை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தகட்டுக் கை பின்வரிசைகளில் இருக்கைகளைச் சுரண்டும் சத்தமும் கேட்டது.

"வணக்கம். படம் எப்படி இருந்தது?" என்று கதவு கேட்டது.

"ஏங்க" என்றாள் செசிலி. "நீங்களா வெளிய?"

"நாந்தாம்ட்டி. எங்க பட்டுச்சு?"

"கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல. முந்தானைய வச்சு அமுக்கிருக்கேன். நிக்க மாட்டேங்கு."

"இங்க கேளு. உள்ளத உள்ளபடி கதவுகிட்ட சொல்லு. உன் கருத்து ஒண்ணுதான் பாக்கி. நீ ஆபத்துன்னு சொன்னா டாக்டரு வந்துருவாரு. நீதான் எப்பவும் சொல்லுவியே. சொல்லு."

அவள் சொன்னாள். அவளால் முடிந்தவரை முழுதாகச் சொன்னாள். எந்தக் கை இறங்கியது, யார்மேல் விழுந்தது, சூசையின் கண் எப்படித் திறந்தபடியே இருக்கிறது, தனக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, இது ஆபத்து, ஆள் அனுப்பு. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"கொடூரக் காட்சிகள் பற்றிய விரிவான கருத்துக்கு நன்றி" என்றது கதவு. "படத்தில் தங்களுக்குப் பிடித்தது எது?"

"பிடிச்சதா? மூணு பேரு செத்துக் கெடக்காவ."

"உயிரிழப்புக் காட்சிகள் சிலருக்குப் பிடிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டோம். நகைச்சுவை எப்படி?"

வெளியே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னாசி கதவை எட்டி உதைத்தான். பிறகு நெற்றியை அதன்மேல் வைத்தான். எத்தனை கருத்துகளைப் பிரித்தவன் அவன். இந்தக் கதவு உண்மையைக் கேட்டால் திறக்காது என்பது அவனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். அவளை உண்மை பேசச் சொல்லி, இருந்த கொஞ்ச நேரத்தையும் தின்றுவிட்டான்.

"செசிலி. அதச் சொல்லிரு."

"எத?"

"எல்லாரும் சொல்லுதத. மொதல்ல வெளிய வா. முதல் பாதின்னு ஆரம்பி."

 பின்னாலிருந்து யாரோ, "சொல்லிருங்கக்கா, ஒரு தடவை சொல்லிருங்க" என்று அழுதார்கள்.

"முதல் பாதி..." என்றாள். "நல்லா இருந்துச்சு."

"மகிழ்ச்சி. இரண்டாம் பாதி?"

"இழுவை."

கதவு நன்றி சொல்லித் திறந்தது. அதில் சாய்ந்திருந்தவள் அவன்மேல் விழுந்தாள். நடைபாதையில் விழுகிறவர்களிடம் நிர்வாகி கருத்துக் கேட்பதில்லை. மருத்துவக் குழு உடனே வந்தது. அவர்கள் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். எல்லோரும் உட்கார அந்த ஒரு அரங்குதான் உண்டு. இருக்கைகளைக் கழுவி வைத்திருந்தார்கள். படம் பார்க்கும்போது தகட்டுக் கை ஏன் இறங்கியது என்று நிர்வாகியிடம் கேட்டார்கள்.

"இரண்டாம் பாதி இழுவை என்பது இந்த ஊரின் மாறாத கருத்து" என்றது அது. "எந்தப் படத்துக்கும் இதுவே வந்திருக்கிறது. ஆகவே இடைவேளைக்குப் பிறகு எவரும் இருக்க விரும்பமாட்டார்கள் என்று முடிவு செய்து, இருக்கைகளைச் சுத்தம் செய்யும் நேரம் முன்னே நகர்த்தப்பட்டது."

 பெரியவர் ஒருவர் எழுந்து, இனி அந்த வாக்கியம் என் வாயில் வராது என்று மாதாமேல் சத்தியம் செய்தார். அடுத்தவரும் செய்தார். பிரகாசி அழுதுகொண்டே செய்தாள். கதவு எவ்வளவு நேரம் பிடித்து வைத்தாலும் உண்மையைத்தான் சொல்வது என்று தீர்மானித்தார்கள். இன்னாசி முன்வரிசையில், தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது அவனுக்கு.

கூட்டம் முடிந்து கதவருகே போனார்கள்.

"வணக்கம். கூட்டம் எப்படி இருந்தது?"

முதலில் நின்றவர் சத்தியத்தைத் தொடங்கிவைத்த அதே ஆள். அவர் உண்மையைச் சொன்னார். கதவு நல்லது என்ன என்று கேட்டது. மறுபடி சொன்னார். மறுபடி கேட்டது. பின்னால் வரிசை நீண்டது. ஒருத்தியின் பிள்ளை பசியில் வீறிட்டது. ஒருவனுக்குப் பனிச்சுரங்கத்தில் வேலை நேரம் நெருங்கியது. "பெரியவரே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று யாரோ கெஞ்சினார்கள். அவர் இன்னாசியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, உதடு மட்டும் அசைய, அதைச் சொன்னார். கதவு திறந்தது. பிறகு எல்லோரும் சொன்னார்கள். பிரகாசி அவனைக் கடக்கும்போது "மன்னிச்சிருங்கண்ணே" என்றுவிட்டுப் போய்ச் சொன்னாள். கூட்டத்தைப் பற்றி ஊரின் கருத்து கலவையானது, எந்த மாற்றமும் தேவையில்லை என்று நிர்வாகி எழுதிக்கொண்டது.

இன்னாசி மட்டும் மிஞ்சினான். அவன் கதவிடம் செசிலியைப் பற்றிப் பேசினான். அழுகிய புளியைப் பற்றிப் பேசினான். அவள் சொல்லாத வார்த்தையைத் தானே அவள் வாயில் திணித்ததைச் சொன்னான். கதவு ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி, பிடித்த அம்சம் எது என்று கேட்டது.

அப்போது வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள்.

"உள்ள யாருவே? அடுத்த காட்சிக்கு நேரமாச்சு. சட்டுனு சொல்லிட்டு வாரும்!"

அவன் அப்படியே நின்றான். தட்டல் பலமாயிற்று. ஒற்றை ஆளுக்காக அரங்குக்குக் காற்று வீண் என்று நிர்வாகி விளக்கைக் குறைத்தது, பிறகு காற்றையும் குறைத்தது. நெஞ்சு அடைத்தது. அவன் வாயைத் திறந்தான். வாக்கியம் தானாக வந்தது, அரையும் முக்காலுமாக இல்லை, முழுதாக, சுத்தமாக.

கதவு நன்றி சொல்லித் திறந்தது.

வெளியே நீண்ட வரிசை. போன தடவை வேலை நேரத்தால் வராமல் போன சுரங்கத்து ஆட்கள்தான் அதிகம். குளித்துத் தலை சீவி வந்திருந்தார்கள். கலவையான கருத்து வந்த படத்தை இன்னொரு வாரம் ஓட்டுவது நிர்வாகியின் வழக்கம். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே, நாமே பார்த்துவிடுவோம் என்று மக்கள் வருவது அதற்குத் தெரியும்.

வரிசையில் முதலில் நின்றவன் இன்னாசியின் கையை எட்டிப் பிடித்தான்.

"அண்ணே, உள்ள இருந்துதான வாறீய? படம் எப்படி?"