எட்டு மீனும் பாதி ஃபில்டரும்

அவள் கடைத் தட்டிலிருந்த பம்ப் பெட்டியை இழுத்தாள். பெட்டி வரவில்லை... மறுபக்கம் ஒரு கை அதைப் பிடித்திருந்தது.

லோரெட்டா நிமிர்ந்தாள். அகலமான கை, நகக்கண்ணில் தார். அதற்கு மேலே இரண்டு கண்கள்... பாசிக் குளத்தில் வெயில் விழுந்தால் ஒரு பச்சை வருமே, அந்தப் பச்சை.

"மேடம், இது உங்களுக்கு வேணாம்."

"என் குளத்தை நீங்க எப்போ பார்த்தீங்க?"

"கடைக்காரர்கிட்ட சொன்னீங்களே, காதுல விழுந்துச்சு. ஆயிரத்து ஐந்நூறு கேலன் குளம். இந்தப் பம்ப் மணிக்கு ஐயாயிரம் கேலன் தள்ளும். மீன் வளர்க்கப் போறீங்களா, துணி துவைக்கப் போறீங்களா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிப் போனது.

லோரெட்டா வீடுகளுக்கு வெளிப்பூச்சு அடிப்பவள். பன்னிரண்டு வருடமாக ஏணி மேல் நின்றுகொண்டு, கீழே நிற்கும் ஆண்கள் சொல்லும் யோசனைகளைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போனவள். யூஜின் நகரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அவளுக்கு வேலை கிடையாது. அவனுக்கும் அப்படித்தான். பெயர் எம்மெட், கூரை வேலை. மழைதான் இருவரையும் ஒரே நாளில் அந்தக் கடைக்குள் தள்ளியது.

அவளுக்கு அவசரம். கடைசியாகப் பூச்சடித்த வீட்டை வாங்கியவர்கள், தோட்டத்துக் குளத்தை மண் கொட்டி மூடப் போகிறார்கள். அதில் இருந்த எட்டு கோய் வண்ண மீன்களைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். இப்போது அவை அவளுடைய கார் ஷெட்டில், குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் தொட்டியில் நெருக்கியடித்துக் கிடந்தன. யாருக்கும் வேண்டாத எட்டு உயிர்... அவளை நம்பி வந்தவை.

எம்மெட் குரலைத் தணித்து விளக்கினான். நாலடி உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றி அருவியாக விழவிட்டாலும் இதில் பாதி பம்ப் போதும், பெரிதாக வாங்க வேண்டியது ஃபில்டரைத்தான் என்றான். அவன் சொன்னது அவள் புத்திக்குப் புரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு... பெரிய பம்பையும் சின்ன ஃபில்டரையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். அவன் அவளிடமே பென்சில் கேட்டு வாங்கி, பெட்டியின் ஓரத்தில் தன் போன் எண்ணை எழுதினான். தண்ணீர் கெட்டால் கூப்பிடுங்கள் என்றான். கெடாது என்றாள் அவள்.

கெட்டது. தன் தோட்டத்துக் குளத்தில் மீன்களை விட்டு, பம்பைப் போட்டாள். அந்த வேகத்தில் மீன்கள் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் அல்லாடின. ஃபில்டர் பொங்கி வழிந்தது. லோரெட்டாவோ பூச்சு வேலைக்காரி. வேலை முடிந்ததும் பிரஷ்ஷை வெள்ளையாகும் வரை அலசிப் பழகிய கை. ஃபில்டர் பஞ்சையும் அப்படியே தினமும் எடுத்து, குழாயடியில் வைத்துப் பளிச்சென்று அலசினாள். பத்தாம் நாள் சாயங்காலம் எட்டு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தே விட்டது.

பெட்டியைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு போனை எடுத்தாள்.

"நான்தான்... ஐயாயிரம்."

சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

"பஞ்சைக் கழுவுனீங்களா?"

"தினமும். குழாய்த் தண்ணியில."

"அந்த அழுக்குலதாங்க நல்ல கிருமி குடியிருக்கு. அதுதான் மீனோட கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துது. குழாய்த் தண்ணி குளோரினை ஊத்தி, தினமும் அதைக் குடும்பத்தோட கொன்னிருக்கீங்க." மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது. "அழாதீங்க. விலாசம் அனுப்புங்க, இருபது நிமிஷத்துல வர்றேன்."

அவள் அழுவது அவனுக்கு எப்படித் தெரிந்தது...

மழையில் இறங்கி வந்தான். ஒரு கையில் சின்ன பம்ப், மறு கையில் வாளி. வாளியில் குளத்துத் தண்ணீர், அதில் மூழ்கிய பழுப்புப் பஞ்சுகள். வீச்சம் மூக்கைத் துளைத்தது. காய்வதற்குள் வைக்க வேண்டும் என்று, ஈரப் புல்லில் குப்புறப் படுத்து ஒவ்வொன்றாக அடுக்கினான். அவள் டார்ச்சைப் பிடித்தாள். அவன் இமையில் மழைத்துளி ஒன்று விழாமல் நின்றது. அதைத் துடைக்கத் தன் விரல் துடிப்பதை நினைத்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"இது எங்கேருந்து?"

"என் குளத்து ஃபில்டர்தான். பாதி."

"உங்க மீனுங்க?"

"கழிவு குறையணும்ல, கொஞ்ச நாளைக்கு அரைப் பட்டினி கிடக்கும். கிடக்கட்டும்."

குளம் வைத்திருப்பவர்கள் கூடப்பிறந்தவனுக்குக்கூடப் பழைய பஞ்சைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் தங்கள் தண்ணீருக்கே ஆபத்து. அதை அவள் பிறகுதான் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

தினமும் சாயங்காலம் வந்தான். மருந்துச் சொட்டு விட்டுத் தண்ணீரைச் சோதித்தான். கண்ணாடிக் குழாயில் கரும்பச்சை இளம்பச்சையானது... ஏழாம் நாள் சுத்த மஞ்சள். மஞ்சள் என்றால் கழிவின் விஷம் போய்விட்டது என்று அர்த்தம். குளத்தடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. லோரெட்டா ஒரு பிடி தீனியைத் தூவினாள். சாய்ந்து கிடந்ததுதான் முதலில் வந்தது. பின்னாலேயே ஏழும்! போட்டியில் ஜெயித்தவளைப் போல இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"இனிமே தண்ணி தானாவே நல்லாருக்கும்," என்றான் எம்மெட், குளத்தைப் பார்த்தபடி. "நான் வர்றதுக்கு இனி ஒரு சாக்கும் இல்ல."

"சாக்கு எதுக்கு எம்மெட்? உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. அதனால வா."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது... இருவருக்கும் தெரியவில்லை. செங்குத்துக் கூரையில் கயிறில்லாமல் நடக்கிறவன், சமதரையில் புல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அந்த வாளியை நான் மீனுக்காக மட்டும் தூக்கிட்டு வரல, லோரெட்டா..."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். தண்ணீருக்கு மேலே எட்டு வாய்கள் திறந்து திறந்து இன்னும் தீனி கேட்டன. கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை.