சூளைக்குழித் தூண்டில்

ரப்பர் மீன் முள்ளில்லாமல் திரும்பி வந்தது.

அனூப் அந்தப் பொய்யிரையை உள்ளங்கையில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வரால் கடித்திருந்தால் வால் கிழிந்திருக்கும், வயிற்றில் பல் பதிந்திருக்கும். பெரிய மீனாக இருந்தால் தூண்டில் நரம்பையே அறுத்துக்கொண்டு போயிருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து முள்ளை மட்டும் உருவி எடுத்துவிட்டு, நரம்பை ரப்பர் மீனின் மூக்கில் கோத்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

அந்த முடிச்சு அவனுக்குத் தெரியும். இடது கைக்காரன் போடுகிற முடிச்சு, சுற்று எதிர்ப்பக்கமாக ஓடும். தூண்டிலோடு அலைகிற இந்த வட்டாரத்து ஆட்களில் அப்படி முடிச்சுப் போடுகிறவன் ஜித்தின் ஒருவன்தான். அவன் காணாமல் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்து எடுத்து, வயலாக இருந்த இடத்தைப் பெருங்குழியாக்கிவிட்டுப் போன இடம் அது. மழை நிறைத்தது, வரால் தானாக வந்தது. அனூப்பும் ஜித்தினும் வேலை முடிந்த சாயங்காலங்களில் ராடும் ரீலுமாக இங்கே வந்துவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார்கள். அனூப் அமரவிளைக்குப் போய் சாயா வாங்கிக்கொண்டு திரும்பியபோது வரப்பில் ஜித்தினின் செருப்பு கிடந்தது, ராடு சாய்ந்து நின்றது, ஆளைக் காணவில்லை. தீயணைப்புக்காரர்கள் முங்கித் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கடைசியாகக் கூட இருந்தவன் எவனோ அவனே கொன்றவன் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து நடந்து அனூப்பின் செருப்பு தேய்ந்தது. ஜித்தினின் மனைவி எப்சி சர்ச் வாசலில், ஆராதனை முடிந்து வந்த அத்தனை பேர் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எனக்க மாப்பிளைய எங்க கொண்டு போட்டே? சொல்லிட்டுப் போ!"

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். மகள் நந்தனா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கொலைகாரனுக்க மகள் பக்கத்தில் உட்காரமாட்டோம் என்று பிள்ளைகள் பெஞ்சு மாறி உட்கார்ந்தார்களாம். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை அவள்.

ஜித்தின் சாகவில்லை என்பது அனூப்பின் நம்பிக்கை. மாநில எல்லை தாண்டி எங்கேயோ ஒளிந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறான். ஆகாயத்தாமரைக்குள் மூச்சடக்கிக் கிடந்து காலைப் பிடித்து இழுத்துப் பயமுறுத்துகிற பயல்தானே! ஒருநாள் தூண்டில் ஆசை அவனை இங்கே இழுத்து வரும், கையோடு பிடித்து ஸ்டேஷனில் நிறுத்தவேண்டும். அதற்காகவே தினமும் வந்து காத்திருந்தான். இன்றைக்கு ரப்பர் மீனை வீசிவிட்டு, மனைவி ஸ்வப்னா போனில் அழைத்ததால் ராடைக் கீழே வைத்துப் பேசினான். அந்த நேரத்தில்தான் இது நடந்திருக்கிறது.

"எலே ஜித்தினே! போதும் உனக்க விளையாட்டு. வெளிய வா!"

ஒன்றும் அசையவில்லை. பாறசாலைப் பக்கம் போகிற ரயிலின் சத்தம் ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் தேய்ந்து போனது. அழுகிய பாசியும் ஈரக்களிமண்ணும் சேர்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் காது கிழியக் கத்தும் தவளைகள் ஒன்றுகூடக் கத்தவில்லை என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

எதிர்க்கரையில் ஜித்தின் நின்றான்.

அதே கட்டம் போட்ட கைலி, அதே நீலச் சட்டை. கணுக்கால் வரை தண்ணீர். அனூப்புக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, அழுகை. என் பிள்ளை இனித் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போவாள் என்று நினைத்தான்.

"அங்ஙனே நில்லுலே! ஓடினா கொன்னுபோடுவேன்!"

"வாலே அனூபே" என்றான் ஜித்தின். குரல் அவனுடையதுதான்.

கரையைச் சுற்றிப் போக வழியில்லை, வரப்பு இடிந்து கிடந்தது. குறுக்கே இறங்கினால் மார்பளவு வரும். அனூப் கைலியை மடித்துக் கட்டி ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தான். அப்போது ஜித்தின் ரெண்டு தடவை குலுங்கினான். இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தான். நின்றான். மறுபடி ரெண்டு குலுக்கல், ஒரு நகர்வு, ஒரு நிறுத்தம். கால்கள் எட்டு வைக்கவில்லை.

"வாலே அனூபே."

அனூப்பின் மணிக்கட்டு அதே தாளத்தில் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. ராடின் நுனியை ரெண்டு தட்டு தட்டி, ரீலை ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் விடவேண்டும். அடிபட்ட மீன் நீந்துகிற மாதிரி தெரியும், வரால் நம்பிவிடும். எத்தனை ஆயிரம் தடவை செய்த வேலை அது.

காலை வெளியே இழுத்துக்கொண்டான். பயம் என்றால் இதுதான் பயம், ஸ்டேஷனில் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஜித்தின் நின்ற நிலையிலேயே கீழே போனான். ஒரு அலைகூட எழவில்லை.

ஓடவேண்டும். ராடை விட்டான், பையை விட்டான், வரப்பில் திரும்பினான். நடக்க நடக்க ஒரு நினைவு கூடவே வந்தது. மீன் ஒரு இரையைக் கடிக்கவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? வேறொன்றை மாட்டிப் போடுவோம். பசியில்லாத வரால்கூட ஒன்றுக்கு மட்டும் பாய்ந்து வரும். அதன் பார்ப்பு, அந்தச் சிவப்புக் குஞ்சுக் கூட்டம், எங்கே மிதக்கிறதோ அங்கே போடவேண்டும்.

வீட்டுக்குப் போன் போட்டான். நந்தனாதான் எடுத்தாள்.

"அப்பா, எப்பம் வாறிய?"

"இப்பம் வாறேன் மக்களே. நீ எங்க நிக்கே?"

"வீட்டுல ஆக்கும். அம்மா மீன் பொரிக்கா."

சட்டியில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. டிவி கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பா!"

இது போனில் இல்லை. பின்னால்.

திரும்பக் கூடாது. திரும்பினான்.

குழியின் நடுவில் நந்தனா. பள்ளிக்கூடச் சட்டை. ரெட்டைச் சடை. கழுத்துவரை தண்ணீர். ரெண்டு தடவை குலுங்கினாள். வாய் தண்ணீருக்குள் போனது. வெளியே வந்தது.

"அப்பா! அப்பா!"

பொய். அது பொய். பிள்ளை வீட்டில் இருக்கிறாள், காதில் பேசுகிறாள். அவனுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

கால் தண்ணீரில் இருந்தது.

முழங்கால். இடுப்பு. சேறு இழுத்தது. அந்தச் சின்ன வாய் மறுபடி தண்ணீருக்குள் போனது. எந்தத் தகப்பன் நிற்பான்? மார்பு. போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"அப்பா" என்றாள் போனில் நந்தனா, மெதுவாக. "அங்க யாரு என்னெப் போல பேசுது?"

அவன் கையை நீட்டினான். நீரில் நின்றவள் ரெண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். அள்ளினான். எடையே இல்லை. பாவாடைக்குக் கீழே காலும் இல்லை. விரல் தடிமனில் வெளுத்த நரம்பு ஒன்று அங்கிருந்து இறங்கி ஆழத்துக்குப் போனது. அவள் சிரித்துக்கொண்டே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், நரம்பு மெல்ல விறைத்தது.